எட்டு ஓட்டைப் பலகை

சாம்பசிவத்துக்குப் பொய் சொல்ல வராது. முப்பது வருஷம் காய்கறி லோரி ஓட்டிய மனுஷன். போலீஸ் கையைக் காட்டி நிறுத்தினால், அவர் கேட்பதற்கு முன்னாலேயே, எவ்வளவு வேகத்தில் வந்தேன் என்று தானாகவே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் அன்றைக்குக் காலையில் இரண்டு தடவை கை கழுவிவிட்டுப் பசியாற உட்கார்ந்து, நெத்திலிச் சம்பலைத் தொடாமல் வெறும் மரவள்ளிக்கிழங்கைப் பிய்த்துக்கொண்டிருந்தது மனைவி ரஞ்சிதத்துக்குப் போதுமானதாக இருந்தது.

"என்ன செஞ்சீங்க?"

"நானா? ஒண்ணும் செய்யலையே."

"சொல்லுங்க லா. கெழங்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "நேத்து மேல போயிட்டு வந்தேன்."

"யாரு கூட?"

சாம்பசிவம் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை.

ரஞ்சிதம் தன் கையில் இருந்த தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய மைலோ டின் இருந்தது. அதற்குள் இருந்த கொய்யாக்கட்டையை இந்த வருஷம் காப்பவள் அவள்தான்.

விஷயம் இதுதான். திரிங்காப் பட்டணத்துக்கு மேலே, தேயிலைக் காட்டை ஒட்டிய மேல் டிவிஷன் லயத்தில் வரிசையாக எட்டு வீடுகள். ஒரு காலத்தில் எல்லாரும் தோட்டத்து வேலைக்காரர்கள். இப்போது கொழுந்து எடுப்பது மெஷினும் வெளிநாட்டுப் பையன்களும்தான். எட்டு வீட்டுக்காரர்களும் லயத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவில் கோஸ், தக்காளி, செவ்வந்தி என்று போட்டுப் பிழைக்கிறார்கள். அந்தச் சரிவுக்கெல்லாம் ஒரே ஓடை. முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் காட்டு விளிம்பில் ஒரு குட்டை கட்டியிருக்கிறது. குட்டையின் வாயில் பாலாவ் மரப் பலகை ஒன்று. அதில் ஒரே அளவில் எட்டு ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு கறுப்புப் பைப்பு, பைப்புக்கு ஒரு வீடு. கோடிக்கணக்கில் செலவு செய்து கட்டிய அணைக்கட்டில்கூட இவ்வளவு நேர்மையான ஏற்பாடு இருக்குமா என்று அந்த எட்டு வீட்டுக்காரர்களில் ஒருவரான கிரகரி அடிக்கடி கேட்பார். அணைக்கட்டு ஆபீசில் வேலை பார்க்கும் ரஞ்சிதத்தின் மகள் புனிதாவைச் சீண்டுவதற்காகக் கேட்பது.

அந்தக் குட்டைக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் தனியாக மேலே போகக்கூடாது. இரண்டு பேராகத்தான் போகவேண்டும், அதுவும் இரண்டு வேறு வீட்டு ஆட்களாக. தனியாகப் போனால் குட்டைக் கரையில் இருக்கும் முனி அடித்துவிடும் என்பார்கள். முனிக்கல்லுக்குப் பக்கத்து மரத்தில் லயத்து ஆரோக்கியம்மாளின் மாமனார் தகரத்தில் வெட்டி அடித்த சிலுவையும் இருக்கிறது. முனியும் கர்த்தரும் இத்தனை வருஷமாகச் சண்டை சச்சரவு இல்லாமல் அங்கே காவல் இருக்கிறார்கள். முனி அடிக்கிறதோ இல்லையோ, லயத்துக்காரர்கள் அடிப்பார்கள். தனியாகப் போன வீட்டின் ஓட்டையில் கொய்யாக்கட்டையை அடித்து ஏழு நாள் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். கட்டையைக் காக்கும் பொறுப்பு பொங்கலுக்குப் பொங்கல் வீடு மாறும்.

மார்ச் மாதம். மூன்று வாரமாக மழை இல்லை. காலையில் மேகம் இறங்கி வந்து வாசலில் நின்றுவிட்டு, ஒரு சொட்டுக்கூட விடாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ரஞ்சிதத்தின் பிளாஸ்டிக் கூரைக்குள் பத்துப் பாத்தி வெள்ளைச் செவ்வந்தி மொட்டு கட்டி நின்றது. சீனர்கள் செங் பெங் அன்று மூதாதையர் கல்லறைக்கு எடுத்துப் போகும் பூ. இன்னும் பன்னிரண்டு நாளில் வெட்டியாக வேண்டும். கூரைக்கு உள்ளே மழை பெய்யாது. பைப்புத் தண்ணீர் நின்றால் பூ நின்றுவிடும்.

"எதுக்குப் போனீங்க?" என்றாள்.

"கிரகரியண்ணன் கண்ணு ஆப்பரேசனுக்கு ஈப்போ போயிருக்காருல்ல, தொட்டியைப் பாத்துக்கடான்னு சொல்லிட்டுப் போனாரு. பாக்கறேன், சொட்டுத் தண்ணி வரல. கோஸு நாத்தெல்லாம் தலை தொங்கிப் போச்சு. நாலு வீடு கதவைத் தட்டுனேன், ஒருத்தரும் இல்ல. எல்லாம் திரிங்காப்புல லோடு ஏத்தப் போயிட்டாங்க. இலை அடைச்சிருக்கும், அஞ்சு நிமிச வேலைன்னு போயிட்டேன்."

"இலைதானா?"

"இலைதான். இவ்ளோ கொத்து." கையைக் குவித்துக் காட்டினார். "எடுத்துப் போட்டேன். முனிகிட்ட மன்னிப்பும் கேட்டுட்டேன்."

"முனி மன்னிச்சிருக்கும். ஊரு?"

"யாரும் பாக்கல லா."

"அப்ப சொல்லாம இருப்பீங்களா?"

சாம்பசிவம் யோசித்தார். தன் சக்தியை அவர் நன்றாக அறிந்தவர். "சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்," என்றார்.

அவருக்கு அவ்வளவுகூட முடியவில்லை. மத்தியானம் கிரகரி ஒரு கண்ணில் கட்டோடு ஈப்போவிலிருந்து வந்து இறங்கியதுமே, உடம்பு எப்படி என்று கேட்பதற்குள் விஷயத்தைக் கொட்டிவிட்டார்.

ஞாயிறு சாயங்காலம் எட்டு வீட்டுக்காரர்களும் லயத்துக்குப் பின்னால் கொட்டகையில் கூடினார்கள். ஆரோக்கியம்மாள் ஒரு வாளி நிறையத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்தாள். கூட்டம் என்றால் குடிக்க ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு காரமாகிவிடும் என்பது அவள் கொள்கை.

"இதுல பேச என்ன இருக்கு?" என்று ஆரம்பித்தார் கிரகரி. "எனக்காகத்தானே போனான்? அவன் பைப்புக்காகவா போனான்? எங்க வீட்டு நாத்து பொழைச்சது இவனாலதான். இதுக்குப் போயி கட்டை வெப்பாங்களா? கர்த்தருக்கே அடுக்காது."

"முனிக்கும் அடுக்காது," என்று ஒருவர் ஒத்து ஊதினார்.

"நான் ஒண்ணு சொல்லவா?" என்றாள் புனிதா. ரிங்லெட் அணைக்கட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருகிறவள். "எல்லாருமே நல்லவங்கதான். ஆனா இந்த ரெண்டு பேரு சட்டம் எந்தக் காலத்துச் சட்டம்? ஓட்டைக்கு ஒரு மீட்டர் மாட்டிட்டா யாரு எவ்ளோ எடுத்தாங்கன்னு அதுவே சொல்லிடும். அப்புறம் யாரு போனா என்ன, எத்தனை பேரு போனா என்ன? முனியும் வேணாம், கட்டையும் வேணாம்."

"நல்ல யோசனை மா," என்றார் கிரகரி. "மீட்டரைப் படிக்க யாரு மேல போவா?"

"யாராவது..."

"தனியாவா?"

கொட்டகை சிரித்தது. புனிதாவும் சிரித்துவிட்டாள். "ரெண்டு பேராப் போங்க, மாமா."

"அதைத்தான் எங்கப்பனுங்க அப்பவே சொன்னாங்க, மீட்டர் வாங்காமலே."

சிரிப்பு அடங்கியதும், சாம்பசிவத்தை விட்டுவிடலாம் என்பதுதான் எல்லார் வாயிலும் வந்தது. நல்ல காரியத்துக்குப் போனவர். தானாகவே ஒப்புக்கொண்டவர். செங் பெங் வேறு வருகிறது. ரஞ்சிதம் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஒவ்வொரு பேச்சும் அவளுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. பத்துப் பாத்திப் பூவும் கண்முன் நின்றது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கொட்டகையின் ஓரத்தில் ஜெகதீஸ்வரன் தன் போர்வீல் ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றான். நாற்பது வயதுக்காரன், கடைசி வீடு. அவன் மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கொட்டகையில், இதே மார்ச் மாதத்தில், அவன் நடுவில் நின்றான். தேயிலைக் காட்டில் அவன் தனியாக இறங்கி வந்ததைக் கங்காணி பார்த்துவிட்டார். "இலை அடைச்சிருந்துச்சு, எடுக்கப் போனேன்," என்றான். அன்று எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசியவள் ரஞ்சிதம்தான். "இலை எடுக்கப் போனியா, இலை போடப் போனியா?" என்று கேட்டாள். கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. கட்டை அடித்தார்கள். ஏழு நாளில் அவன் தக்காளி கருகியது. அவன் பெண்டாட்டி ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை.

ரஞ்சிதம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நாளைக்குக் காலையில கட்டை அடிக்கணும். கூட யாரு வர்றீங்க?"

"ஏய் தங்கச்சி, ஒனக்கென்ன கிறுக்கா?" என்றார் கிரகரி.

"இல்லண்ணே. இவரு இலை எடுக்கத்தான் போனாருன்னு எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருசமா கூடக் குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா? ஆனா நான் பாக்கல. நீங்களும் பாக்கல. இவரு மூஞ்சியைப் பாத்து நம்பறோம். அன்னைக்கு ஜெகாவும் இதையேதான் சொன்னான். அவன் மூஞ்சியைப் பாத்து நம்பல. இன்னைக்கு இவரை விட்டோம்னா, அவன் திருடன்னு ரெண்டு வருசம் கழிச்சு இன்னொரு தடவை சொல்றோம்."

ஆரோக்கியம்மாள் வாளியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள், அதில் தேத்தண்ணி தீர்ந்துபோயிருந்தது.

"தனியாப் போனவன் என்ன செஞ்சான்னு யாருக்கும் தெரியாது," என்றாள் ரஞ்சிதம். "யாரு நல்லவன், யாரு கெட்டவன்னு கொட்டகையில ஒக்காந்து நாம தீர்ப்பு சொல்லாம இருக்கத்தானே ரெண்டு பேரு போற சட்டம்? நல்லவனுக்கு ஒண்ணு, மத்தவனுக்கு ஒண்ணுன்னா அது எதுக்கு? பலகையில எட்டு ஓட்டையும் ஒரே அளவுதானே போட்டிருக்கு?"

சாம்பசிவம் தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார். பயமும் பெருமையும் அந்த முகத்தில் ஒன்றாகத் தெரிந்தன. "அவ சொல்றது சரிதான் லா," என்றார். சொல்லிவிட்டு, பூவை நினைத்து மூக்கை உறிஞ்சினார்.

மறுநாள் ஆரோக்கியம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ரஞ்சிதம் ஏறினாள். தேயிலை வரிசைகளுக்கு நடுவில் கொழுந்து வெட்டும் மெஷினின் இரைச்சல். குளிர் இன்னும் போகவில்லை. குட்டையில் முழங்கால் ஆழத்துக்குத்தான் தண்ணீர் கிடந்தது. முனிக்கல்லுக்குச் சூடம் காட்டினாள். ஆரோக்கியம்மாள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். இடமிருந்து மூன்றாவது ஓட்டை ரஞ்சிதத்தினுடையது. கட்டையை வைத்துக் கல்லால் நான்கு தட்டுத் தட்டினாள். தன் பைப்பில் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்பதைக் கையால் தொட்டு உணர்ந்தாள். திரும்பி வரும்போது ஆரோக்கியம்மாள்தான் அழுதாள். "நீ ஏன்க்கா அழுவுற, பூவு என்னுது," என்று ரஞ்சிதம் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று.

தொட்டியில் இருந்த தண்ணீர் ஒன்றரை நாளுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஓரத்துப் பாத்திகளில் இலை துவண்டது. புனிதா லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். வந்தவள் ஒரு காகிதத்தை எடுத்துக் கோடு கிழித்து ஏதோ கணக்குப் போட்டாள்.

"அம்மா, நம்ம பங்குத் தண்ணி எங்க போவுதுன்னு நெனச்சீங்களா?"

"எங்க போவும், நின்னுபோச்சு."

"ஓடை நிக்குமா? ஒரு ஓட்டையை அடைச்சா குட்டையில தண்ணி கொஞ்சம் ஏறும். மத்த ஏழு ஓட்டையிலயும் கூடுதலா எறங்கும். நம்ம தண்ணி ஏழு வீட்டுத் தொட்டியிலதான் இருக்கு. அவங்க அந்தக் கூடுதலை மட்டும் டிரம்முல கொண்டாந்து ஊத்தினா, யாருக்கும் ஒரு சொட்டு நட்டமில்ல. கட்டையும் இருந்த எடத்துலயே இருக்கும்."

இதை அவள் கிரகரியிடமும் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் கிரகரி ஒற்றைக் கண்ணோடு சக்கரவண்டியில் ஒரு டிரம்மை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

ரஞ்சிதம் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "எடுத்துட்டுப் போங்கண்ணே."

"சட்டத்துல தண்ணி சொமக்கக்கூடாதுன்னு இல்லையே லா?"

"இல்லதான். ஆனா அன்னைக்கு ஜெகா வீட்டுக்கு யாரு சொமந்தது? நீங்க சொமந்தீங்களா? நான் சொமந்தேனா?"

கிரகரி சக்கரவண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். புனிதாவுக்குக் கோபத்தில் அழுகை வந்தது. "நியாயம் பேசியே பூவைக் கொல்லப் போறீங்க," என்றாள். ரஞ்சிதம் கூரைக்குள் போய் ஓரத்துப் பாத்திக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். யாரும் பார்க்காத இடத்தில் அவளும் கொஞ்சம் அழுதாள். வயிற்றுக்குப் போட்ட பயிர் அல்லவா, கல்மனசோடு பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

புதன்கிழமை விடிந்து மேகம் விலகும்போது வாசலில் போர்வீல் வந்து நின்றது. பின்னால் ஆறு நீல டிரம். ஜெகதீஸ்வரன் இறங்கி, யாரையும் கேட்காமல் தொட்டிக்கு ரப்பர் குழாயைச் சொருகினான்.

"என்ன ஜெகா இது?"

"தண்ணி."

"அது தெரியுது. உனக்கு யாரும் குடுக்கலையேடா."

"எனக்குக் குடுக்கலன்னா உங்களுக்கும் குடுக்கக்கூடாதா? இது என்னக்கா கணக்கு?" அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் குடுத்தா வாங்கிக்குவீங்கதானே?"

அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அன்று மத்தியானமே மற்ற ஆறு வீட்டு டிரம்மும் வந்தன. சக்கரவண்டியில் வந்தது, மோட்டார் சைக்கிளில் கட்டி வந்தது, ஆரோக்கியம்மாள் இரண்டு கையிலும் வாளியில் தூக்கி வந்தது. சாம்பசிவம் ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டு குழாயைப் பிடித்தார். கிரகரி சக்கரவண்டியைத் தள்ளும்போதெல்லாம் புனிதாவிடம், "மீட்டர் எவ்ளோ காட்டுது மா?" என்று கேட்டார். ஆனாலும் இடையில் காய்ந்தது காய்ந்ததுதான். ஓரத்து நான்கு பாத்திகள் தேறவில்லை. ஆறு பாத்தி பிழைத்தது. ஜெகதீஸ்வரன் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. ஒவ்வொரு விடியலிலும் ஆறு டிரம். அவன் தொட்டியில் கூடுதலாக ஊறியதைவிட அது நிறையவே அதிகம் என்று புனிதா கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

அந்த வாரம் முழுவதும் ரஞ்சிதத்துக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பூவை நினைத்தல்ல. ஒன்றும் செய்யாத பையனை ஊர் நடுவில் நிறுத்திச் சிரித்தோமே என்பதுதான் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

எட்டாம் நாள் காலை கட்டையை எடுக்க வேண்டும். துணைக்கு அவள் ஜெகதீஸ்வரனைக் கூப்பிட்டாள். "நானா?" என்றான். "நீதான்," என்றாள்.

வழியெல்லாம் அவன் முன்னால் நடந்து பாராங் கத்தியால் முள்ளை விலக்கிக்கொண்டே போனான். குட்டைக் கரையில் அவள் சூடம் காட்டி முடித்ததும், "நீயே எடு," என்றாள். அவன் முட்டி போட்டு, மூன்றாவது ஓட்டையிலிருந்து கட்டையை அசைத்து அசைத்துப் பிடுங்கினான். பைப்புக்குள் தண்ணீர் புகுந்து இறங்கும் சத்தம் கேட்டது. கட்டை அவன் கையிலேயே இருந்தது.

"ஜெகா, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாதுடா. ரெண்டு வருசமா—"

"பேசாதீங்கக்கா."

"சொல்ல விடு லா."

"நான் இலை எடுக்கப் போகல." அவன் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான். "இந்த மூணாவது ஓட்டையில இலையைத் திணிக்கத்தான் போனேன். உங்க ஓட்டையில. என் தக்காளி காஞ்சிக்கிட்டு இருந்துச்சு, உங்க பூவு பச்சையா நின்னுச்சு. மறுநாளு கட்டை அடிக்க வந்தவங்க, காத்துல வந்த இலைன்னு நெனச்சு எடுத்துப் போட்டுட்டாங்க. நீங்க சிரிப்புக்குத்தான் கேட்டீங்க. ஆனா சரியாத்தான் கேட்டீங்க."

ரஞ்சிதத்துக்கு முதலில் காதுதான் அடைத்தது. அப்புறம் கோபம் ஏறியது. "அடப்பாவி! உன்னை நெனச்சுத்தானேடா என் ஓட்டையில நானே கட்டை அடிச்சேன்? நாலு பாத்தி போச்சேடா!"

"அதுதான்க்கா என்னால முடியல. திட்டிக்கிட்டே இருந்தீங்கன்னா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். நீங்க எனக்காக எந்திரிச்சுப் பேசினீங்க. அன்னையிலருந்து சோறு எறங்கல." கட்டையை அவளிடம் நீட்டினான். "ஊருல சொல்லிடுங்க. என் ஓட்டையில அடிங்க."

அவள் கட்டையை வாங்கிக்கொண்டாள். அது ஊறிக் கனத்துப்போயிருந்தது. ஏழு நாள் அடைப்பை அவன் அப்போதே அனுபவித்துவிட்டான். தக்காளியைக் கொடுத்தான், பெண்டாட்டியின் சிரிப்பைக் கொடுத்தான், இப்போது முப்பது டிரம்முக்குக் குறையாமல் சுமந்திருக்கிறான். இன்னும் எதை அடைப்பது? அவன் மேல் இருந்த கோபம் போகவும் இல்லை, முழுசாக நிற்கவும் இல்லை. அவன் மேல் பாசமும் அதே இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டையைச் சேலைத் தலைப்பில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பலகையைப் பார்த்தாள். கடைசி ஓட்டையில் தண்ணீர் சரியாக இறங்கவில்லை. ஒரு கொத்து இலை வந்து வாயில் ஒட்டியிருந்தது. அது ஜெகதீஸ்வரன் வீட்டு ஓட்டை.

ரஞ்சிதம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குட்டைக்குள் இறங்கினாள். குளிர்ந்த தண்ணீரில் கையை விட்டு, இலையைப் பிடுங்கி, சொட்டச் சொட்ட அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்க," என்றாள். "இலைதான் எடுத்தேன்."